கடல் தந்த சொற்செல்வம்: ஜோசப் கொன்ராட் கற்ற ஆங்கிலம்

ஆங்கில அறிவை வளர்த்துக்கொள்ள விரும்பும் எமது இளைஞர், யுவதிகள் பலர் சொற்பட்டியல்களை மனனஞ் செய்வதிலேயே தமது காலத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகின்றனர். நாளொன்றுக்கு 10 சொற்கள், மாதமொன்றுக்கு 300 சொற்கள் என்று கணக்கிட்டுக் கொப்பிகளை நிரப்புகின்றனர். பரீட்சை முடிந்த சில வாரங்களிலேயே அச்சொற்களிற் பெரும்பாலானவை நினைவிலிருந்து நழுவிவிடுகின்றன. எஞ்சியவையும் வேண்டிய வேளையில் கைகொடுப்பதில்லை. எமது பல்கலைக்கழக வளாகங்களில் ஆங்கிலத்தைக் குறிக்க, வாள் என்று பொருள்படும் சிங்களச் சொல்லை வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. தம்மை வெட்டி வீழ்த்தும் ஆயுதமாகவே அம்மொழியைப் பலர் கண்டு அஞ்சினர் என்பதற்கு அச்சொல்லே சான்று. அந்த அச்சந்தான் பலரையும் சொற்பட்டியல்களிடம் துரத்துகிறது.

பிறமொழியொன்றில் ஆழமான சொல்வளம் எவ்வாறு உருவாகிறது என்னும் வினாவுக்கு மொழியியல் நூல்கள் பல விடைகளைத் தரலாம். நாமோ இங்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே விடையாக முன்வைக்க விரும்புகிறோம். 20 வயது வரை ஆங்கிலத்தில் ஒரு சில சொற்களுக்கு மேல் அறியாதிருந்தவர். கல்லூரி எதிலும் அம்மொழியைப் படியாதவர். கப்பலில் உழைத்தே அதனைக் கற்றவர். இறுதியில் அம்மொழியின் முதன்மையான நாவலாசிரியர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டவர். 1924 ஆம் ஆண்டு மறைந்த ஜோசப் கொன்ராட்டே அவர். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்ட போதிலும், மொழி கற்போருக்கு அவரது வாழ்வு சொல்லும் செய்தி பழையதாகிவிடவில்லை. அச்செய்தி இனிப்பானது மட்டுமன்று என்பதையும் நாம் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும்.

நாடிழந்தோரின் மொழி

கொன்ராட் 1857 டிசெம்பர் 3 ஆம் திகதி, இன்று உக்ரேனில் அடங்கியுள்ள பெர்டிச்சிவ் நகரிற் பிறந்தார். அந்நகர் அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பெற்றோர் போலந்து இனத்தவர். அவர்கள் தமது மகனுக்குச் சூட்டிய பெயர் யூசெப் தியோடொர் கொன்ராட் கொர்செனியோவ்ஸ்கி. போலந்து என்றொரு நாடு அன்றைய உலகப் படத்தில் இருக்கவில்லை. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதனைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. நாட்டை இழந்த அம்மக்களுக்கு மொழியே நாடாக இருந்தது.

தந்தையாரான அப்பல்லோ கொர்செனியோவ்ஸ்கி ஒரு கவிஞர், நாடகாசிரியர். ஷேக்ஸ்பியர், விக்டர் ஹியூகோ, சார்ள்ஸ் டிக்கன்ஸ் ஆகியோரின் படைப்புகளைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்தவர். போலந்து விடுதலை இயக்கத்திற் கொண்ட ஈடுபாட்டிற்காக 1861 இல் அவர் வார்சோவிற் கைதுசெய்யப்பட்டார். அடுத்த ஆண்டு மனைவியுடனும் சிறு மகனுடனும் ரஷ்யாவின் வடபகுதியிலுள்ள வொலொக்டாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்தக் கடுங்குளிரும் வறுமையும் குடும்பத்தின் உடல்நலத்தைச் சிதைத்தன. 1865 இல் தாய் ஈவா காசநோயால் இறந்தார். தந்தையும் மகனும் தனித்துவிடப்பட்டனர்.

அந்நாட்களிலே தந்தையின் மேசையிற் கிடந்த ஷேக்ஸ்பியர் மொழிபெயர்ப்பொன்றின் தாள்களைச் சிறுவன் களவாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தான். அதைக் கண்ட தந்தை கடிந்துகொள்ளவில்லை. ஒரு பக்கத்தை உரத்து வாசிக்குமாறு பணித்தார். ஆங்கில இலக்கியம் அவனை முதன்முதலில் வந்தடைந்தது இவ்வாறு தாய்மொழியின் வழியாகத்தான் என்பது கவனிக்கத்தக்கது. சொல் என்பது எடைபோட்டுத் தெரிவுசெய்ய வேண்டிய ஒன்று என்ற உணர்வை ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேசையருகே வளர்ந்த பிள்ளை இயல்பாகவே பெற்றிருக்க வேண்டும். பிரெஞ்சு மொழியையும் அச்சிறுவன் இளமையிலேயே கற்றான். ஆங்கிலத்தை மாத்திரம் கற்கவில்லை.

1869 இல் கிராக்கோ நகரில் அப்பல்லோ காலமானபோது அவரது பிரேத ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதன் முன்னே நடந்து சென்ற மகனுக்கு அப்போது 11 வயது. தாய்மாமனான ததேயுஸ் பொப்ரோவ்ஸ்கி அவனைப் பொறுப்பேற்றார். உள்நாட்டில் வளர்ந்த அவன் மாலுமியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். 1874 இல், 16 வயதில், பிரான்ஸின் துறைமுக நகரான மார்செய்லுக்குப் புறப்பட்டான்.

முதல் ஆசிரியர்கள்

மார்செய்லில் கழிந்த ஆண்டுகள் இனிதாக முடியவில்லை. ரஷ்யப் பிரஜையாகவும் இராணுவ சேவைக்குரிய வயதினராகவும் இருந்தமையால் பிரெஞ்சுக் கப்பல்களிற் பணியாற்ற அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடன் பெருகியது. 1878 இன் தொடக்கத்தில் அவர் தமது மார்பிலே தாமே சுட்டுக்கொண்டார். குண்டு இதயத்தைத் தவறவிட்டமையால் உயிர் பிழைத்தார். பொப்ரோவ்ஸ்கி ஓடிவந்து கடன்களைத் தீர்த்தார்.

பிரித்தானிய வணிகக் கப்பல்கள் பிறநாட்டு மாலுமிகளிடம் அத்தகைய ஆவணங்கள் எதனையும் கேட்கவில்லை. 1878 ஏப்ரலில் 'மேவிஸ்' என்ற பிரித்தானிய நீராவிக் கப்பலில் ஏறிய கொன்ராட், ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள லோவெஸ்டொவ்ட் துறைமுகத்தில் முதன்முதலாகக் கால் பதித்தார். அவர் ஆங்கிலத்தைத் தேடிச் செல்லவில்லை. வேறு கதவுகள் மூடப்பட்டபோது திறந்திருந்த கதவு அதுவாக இருந்தது.

அந்தக் கோடையில் லோவெஸ்டொவ்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே நிலக்கரி ஏற்றிச் சென்ற சிறிய பாய்க்கப்பலொன்றில் அவர் சாதாரண மாலுமியாக வேலை செய்தார். கிழக்குக் கரையின் மீனவரும், கப்பல் கட்டும் தச்சரும், மாலுமிகளுமே அவரது காதுக்கு ஆங்கிலத்தைப் பழக்கியவர்கள். கண்ணுக்குப் பழக்கியது ஒரு செய்திப் பத்திரிகை. இவற்றைப் பிற்காலத்தில் அவரே ஒருவருக்கு எழுதிய கடிதத்திற் பதிவுசெய்துள்ளார். ஆங்கில இலக்கண நூல் ஒன்றைத் தமது வாழ்நாளில் ஒருதடவையேனும் திறந்ததில்லை என்றும் அதே கடிதத்திற் கூறுகிறார். மொழியை வென்றுவிட்டேன் என்று எழுதத் தொடங்கியவர், அச்சொல் பொருந்தாது என்று கண்டு, ஈட்டிக்கொண்டேன் என்று உடனடியாகத் திருத்திக்கொள்கிறார்.

பாய்க்கப்பல் ஒரு விசித்திரமான பள்ளிக்கூடம். நிலத்தில் உள்ளவர்கள் கயிறு என்ற ஒரே சொல்லாற் சுட்டுவனவற்றுக்கு அங்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு. பாயை உயர்த்தும் கயிற்றுக்கு ஒரு பெயர்; பாயின் கீழ் மூலையைக் கட்டுப்படுத்தும் கயிற்றுக்கு இன்னொரு பெயர்; பாய் தொங்கும் குறுக்குமரத்தைத் திருப்பும் கயிற்றுக்கு வேறொரு பெயர். நள்ளிரவில், புயலின் இரைச்சலுக்கிடையே, கட்டளை ஒன்று ஒலிக்கும்போது அச்சொல்லைக் கேட்ட கணத்திலேயே கை உரிய கயிற்றைத் தேடிப் போக வேண்டும். சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டவன் தன் உயிரை மாத்திரமன்றி மற்றையோர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவான். இவ்வாறு கற்ற சொல்லை எவரும் மறப்பதில்லை.

1880 இல் இரண்டாம் துணை அதிகாரிக்கான பரீட்சைக்கு அவர் தோற்றினார். இரண்டு மணித்தியாலங்களுக்கும் மேலாக நீடித்த வாய்மொழிப் பரீட்சையில், ஆங்கிலத்திற் கேட்கப்பட்ட நுணுக்கமான வினாக்களுக்கு ஆங்கிலத்திலேயே விடையளித்துச் சித்தியடைந்தார். லோவெஸ்டொவ்டில் கால் வைத்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. ஆயினும் எல்லாம் எளிதாக அமையவில்லை. முதலாம் துணை அதிகாரி, கப்பற்றலைவர் ஆகிய அடுத்த இரு பரீட்சைகளிலும் முதல் தடவை அவர் தவறினார். மீண்டும் தோற்றியே முறையே 1884 இலும் 1886 இலும் சித்தியடைந்தார். 1886 இலேயே பிரித்தானியப் பிரஜாவுரிமையும் பெற்றார்.

நங்கூரமும் நாளேடுகளும்

1881 இல் நிலக்கரியுடன் பாங்கொக்கை நோக்கிப் புறப்பட்ட 'பலஸ்தீன்' என்ற பழைய கப்பலிற் கொன்ராட் இரண்டாம் துணை அதிகாரியாகச் சென்றார். புயலில் அகப்பட்டு நீர் புகுந்த அக்கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள ஃபல்மவுத் துறைமுகத்துக்குத் திரும்பிப் பழுதுபார்ப்பதற்காக மாதக்கணக்கில் அங்கே தரித்து நின்றது. கப்பலின் தளப்பலகை இடுக்குகளில் சணற்சிதைவை அடித்து இறுக்கும் சுத்தியல்களின் ஓசைக்கிடையே, கிடைத்த ஓய்வு நேரங்களில், ஐந்து சிலிங் கொடுத்து வாங்கிய ஷேக்ஸ்பியரின் முழுத்தொகுதியை அவர் வாசித்தார். தந்தையின் மேசையிற் போலிஷ் மொழியிற் கண்டவரை மகன் இப்போது மூலத்திலே சந்தித்தார். தச்சனின் சொல்லும் ஷேக்ஸ்பியரின் சொல்லும் ஒரே வேளையில் அவரது காதிலும் கண்ணிலும் விழுந்துகொண்டிருந்தன. பிற்காலத்தில் அவரது உரைநடையிற் காணப்படும் இரட்டைத்தன்மைக்கு, அதாவது ஒருபுறம் தொழிலாளியின் துல்லியமும் மறுபுறம் கவிஞனின் விரிவும் கொண்ட அந்த நடைக்கு, இதனைவிடப் பொருத்தமான பிறப்பிடம் வேறொன்றில்லை என்றே நாம் கருதுகிறோம். அந்தக் கப்பல் 1883 இல் சுமத்ராவுக்கு அண்மையில் நிலக்கரி தீப்பற்றி அழிந்தது. மாலுமிகள் சிறு படகுகளிற் கரை சேர்ந்தனர்.

சொல்லின் துல்லியம் பற்றி அவர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதற்கு 1906 இல் வெளிவந்த அவரது கடல் நினைவுகள் நூலிலே ஓர் உதாரணம் உண்டு. கப்பல் நங்கூரத்தை வீசியது என்று நாளேடுகள் எழுதும் வழக்கத்தை அவர் அங்கே கடுமையாகச் சாடுகிறார். நங்கூரத்தை எவரும் வீசுவதில்லை. பல தொன் எடையுள்ள அப்பொருள் கப்பலின் பக்கத்தில் ஆயத்தமாகத் தொங்கவிடப்பட்டிருக்கும்; உரிய வேளையில் அதன் பிடி தளர்த்தப்படும்; அது தன் எடையாலேயே நீரில் விழும். ஆகவே விடுதல் என்பதே மாலுமியின் சொல். வீசுதல் என்று எழுதுபவன் நங்கூரத்தை ஒருபோதும் பார்த்திராதவன். ஒரு தொழிலின் சொல்லைக் கண்டபடி மாற்றுவது செம்மைப்பட்ட பேச்சுக்கு எதிரான குற்றம் என்பது அவரது தீர்ப்பு.

நாளேடு நடத்தும் எமக்கு இக்கண்டனம் உறைக்கவே செய்கிறது. சொல்வளம் என்பதை ஒரு பொருளுக்குப் பத்துச் சொற்கள் தெரிந்திருத்தல் என்று பலரும் எண்ணுகின்றனர். கொன்ராட்டின் அகராதியில் அது அந்தப் பத்தில் எந்த ஒன்று இங்கே பொருந்தும் என்பதைத் தெரிந்திருத்தலாகும்.

எழுத்தை நோக்கிய 17 ஆண்டுகள்

சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு போர்னியோவின் ஆற்றுத்துறைகளுக்குச் சென்றுவந்த 'விடார்' என்ற கப்பலில் 1887 இல் அவர் பணியாற்றினார். அங்கே கண்ட ஒல்மெய்யர் என்ற வணிகரின் சிதைந்த வாழ்வு அவரது மனதிற் பதிந்தது. 1888 இல் பாங்கொக்கில் 'ஒட்டாகோ' என்ற பாய்க்கப்பலின் தலைவரானார். 1889 இன் இலையுதிர் காலத்தில், லண்டனில் வேலையற்றிருந்த வேளையில், அந்த வணிகரை மனதிற்கொண்டு நாவலொன்றை எழுதத் தொடங்கினார்.

அந்தக் கையெழுத்துப் பிரதி அவருடன் உலகைச் சுற்றியது. 1890 இல் ஆபிரிக்காவின் கொங்கோ ஆற்றுக்குச் சென்றது. பின்னர் பேர்லின் புகையிரத நிலையத்திற் கைப்பையோடு மறந்துவிடப்பட்டு, சுமைதூக்குபவர் ஒருவரால் மீட்கப்பட்டது. அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற 'டொரன்ஸ்' கப்பலில் பயணம் செய்த கேம்பிரிட்ஜ் பட்டதாரி இளைஞரொருவரிடம் அதைக் கொடுத்து, முடிக்கத் தகுந்ததா என்று கொன்ராட் கேட்டார். ஆம் என்ற விடை கிடைத்தது. 1895 ஏப்ரலில் அது 'அல்மேயரின் பேதைமை' என்ற பொருள்படும் தலைப்பில் லண்டனில் வெளிவந்தது. தம்மைத் தாங்கிய தாய்மாமன் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டமையால், நூலை அவரது நினைவுக்கே காணிக்கையாக்கினார். நூலாசிரியருக்கு அப்போது 37 வயது. லோவெஸ்டொவ்டில் இறங்கி 17 ஆண்டுகள் சென்றிருந்தன. மூன்றே மாதங்களில் ஆங்கிலப் புலமை என்று விளம்பரம் செய்வோர் இந்த எண்ணை நினைவிற் கொள்வது நல்லது.

பதிப்பகத்தின் வாசகராகப் பணியாற்றி அவரது எழுத்தை இனங்கண்டவர்களுள் எட்வர்ட் கார்னெட் முக்கியமானவர். கொன்ராட் ஒருமுறை தமது கையெழுத்துப் பிரதியை அவருக்கு உரத்து வாசித்துக் காட்டினார். பல சொற்களின் உச்சரிப்பு முற்றிலும் பிழையாக இருந்தமையால் கார்னெட்டால் அதனைத் தொடர முடியவில்லை. அச்சொற்களைக் கொன்ராட் எவரும் சொல்லக் கேட்டதே இல்லை. நூல்களிலிருந்தே அறிந்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. கப்பற்றளத்திற் காதாற் கேட்டவை ஒரு பாதி. விளக்கொளியிற் கண்ணாற் கண்டவை மறுபாதி. இரண்டும் சேர்ந்ததே அவரது செல்வம்.

பிரெஞ்சு மொழியை நன்கறிந்தவர் ஏன் ஆங்கிலத்தைத் தெரிவுசெய்தார் என்ற கேள்வி அவரை இறுதிவரை விடவில்லை. அவர் இரண்டுக்கும் இடையே ஆராய்ந்து ஆங்கிலத்தைத் தெரிவுசெய்தார் என்ற கருத்து பரவுவதற்கு ஒரு காரணமாக இருந்தவர் அவரது நண்பர் சேர் ஹியூ கிளிஃபர்ட். இவர் 1907 முதல் 1912 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகவும், பின்னர் 1925 முதல் 1927 வரை இங்கு தேசாதிபதியாகவும் இருந்தவர். கொன்ராட் இக்கருத்தை மறுத்தார். தெரிவு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை என்றும், ஆங்கிலமே தம்மைத் தத்தெடுத்துக்கொண்டது என்றும், ஆங்கிலத்தில் எழுதியிராவிட்டால் தாம் எழுதியிருக்கவே மாட்டார் என்றும் அவர் விளக்கினார்.

சொல்லுக்குக் கொடுத்த விலை

இத்தத்தெடுப்பு சுகமானதாக இருக்கவில்லை. 'லோர்ட் ஜிம்' 1900 இலும், 'நொஸ்ட்ரோமோ' 1904 இலும், 'இரகசிய உளவாளி' 1907 இலும் வெளிவந்தன. ஒவ்வொரு பக்கமும் வேதனையோடு பிறந்தது. நாட்கணக்கில் மேசை முன் அமர்ந்தும் சில வாக்கியங்களே தேறிய நிலைமையைப் பற்றி அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பல. இளம் எழுத்தாளரான ஃபோர்ட் மடொக்ஸ் ஃபோர்டுடன் சேர்ந்து, பிரெஞ்சிற் பளிச்சென்று அமையும் ஒரு கருத்துக்கு ஆங்கிலத்திற் சரியான சொல் எது என்று நெடுநேரம் விவாதிப்பது அவரது வழக்கம். புகழ் வந்தபோதும் பணம் வரவில்லை. 1914 அளவில் 'சான்ஸ்' என்ற நாவல் நன்கு விற்பனையாகும்வரை கடன் அவரைத் துரத்திக்கொண்டேயிருந்தது.

கடனிலும் கொடியது தாயகத்திலிருந்து வந்த குற்றச்சாட்டு. 1899 இல் போலந்தின் புகழ்பெற்ற பெண் எழுத்தாளரான எலிசா ஒர்செஷ்கோவா, பணத்துக்காக ஆங்கிலத்தில் எழுதித் தன் மக்களைக் கைவிட்டவர் என்று கொன்ராட்டைப் பகிரங்கமாகச் சாடினார். மொழிக்காகவும் நாட்டுக்காகவும் சிறைப்பட்டு, நாடு கடத்தப்பட்டு, மனைவியையும் இழந்த ஒருவரின் மகனுக்கு அச்சொற்கள் எத்தகைய காயத்தை ஏற்படுத்தியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். 1901 இல் கிராக்கோவிலிருந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் தமது நிலையை விளக்கினார். தாம் போலந்து நாட்டவர் என்பதை எங்கும் மறைத்ததில்லை என்றும், பிறநாட்டார் வாயிற் குடும்பப் பெயர் சிதைந்துவிடக்கூடாது என்பதற்காகவே கொன்ராட் என்ற தமது இயற்பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டதாகவும் அதில் அவர் குறிப்பிட்டார்.

தாய்மொழி அவரை விட்டு நீங்கவுமில்லை. 1896 இல் ஜெஸி ஜோர்ஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்து பிரான்ஸின் கரையோரத்தில் தங்கியிருந்தபோது காய்ச்சல் கண்டு, போலிஷ் மொழியிற் பிதற்றினார். அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாத இளம் மனைவி அஞ்சி நின்றார். 1910 இன் தொடக்கத்தில், ரஷ்ய ஒடுக்குமுறையைப் பின்னணியாகக் கொண்ட 'மேற்கத்தியர் கண்களின் கீழ்' என்ற நாவலை முடித்த கையோடு, அவர் உடலும் உள்ளமும் முறிந்து வீழ்ந்தார். தமது பிரசுர முகவருடன் ஏற்பட்ட பெருஞ்சண்டையின்போது, ஆங்கிலத்திற் பேசுமாறு அந்த முகவர் கூறியது அவரை ஆழமாகப் புண்படுத்தியிருந்தது. படுக்கையிற் கிடந்தவர் தமது நாவலின் பாத்திரங்களோடு உரையாடினார். பெரும்பாலும் போலிஷ் மொழியிலேயே அவ்வுரையாடல் நிகழ்ந்தது. பகலில் உலகுக்கு ஆங்கிலம் எழுதியவரின் ஆழ்மனம் தந்தையின் மொழியிலேயே வாழ்ந்தது.

அவரது ஆங்கில உச்சரிப்பும் இறுதிவரை அந்நியமாகவே இருந்தது. அவரைச் சந்தித்த பிரெஞ்சுக் கவிஞர் போல் வலேரி, கொன்ராட்டின் பிரெஞ்சு உச்சரிப்பை மெச்சிவிட்டு, ஆங்கில உச்சரிப்பைப் படுமோசமானது என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டுள்ளார். எமது சமூகத்தில் உச்சரிப்பு ஒன்றினாலேயே ஒருவரின் ஆங்கிலத்தை அளந்து, எள்ளி நகையாடி, அவரை வாய்மூடச் செய்யும் பழக்கம் இன்னும் உள்ளது. அத்தகையோர் முன்னிலையிற் கொன்ராட்டும் தோற்றிருப்பார். ஆங்கில இலக்கியமே அதனால் நட்டமடைந்திருக்கும்.

மிகையும் மௌனமும்

கொன்ராட்டை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவராக நாம் காட்ட முனையவில்லை. 1948 இல் ஆங்கில நாவல் மரபு பற்றிய தமது நூலில் விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ் அவரைப் பெரும் நாவலாசிரியர் வரிசையில் வைத்துப் போற்றினார். அதேவேளை, 1899 இல் வெளிவந்த கொங்கோ பற்றிய குறுநாவலான 'இருளின் இதயம்' பெயரடைகளால் மிதமிஞ்சிக் கனத்துக் கிடக்கிறது என்றும் சுட்டிக்காட்டினார். சொற்செல்வம் மிகுந்தவருக்கு நேரக்கூடிய விபத்து இது. கைவசம் நிறைய இருக்கும்போது தேவைக்கு மேற் செலவாகிவிடுகிறது. இதற்கு மாற்றும் அவரிடமே உண்டு. 1902 இல் வெளிவந்த 'தைஃபூன்' என்ற கதையில், சொற்களைப் பெரிதும் நம்பாத, சில வார்த்தைகளே பேசும் கப்பற்றலைவரொருவர் கொடும்புயலிலிருந்து கப்பலை மீட்கிறார். அளவான சொல்லின் வலிமையையும் கொன்ராட் அறிந்தேயிருந்தார்.

இதனிலும் பாரதூரமான குற்றச்சாட்டை நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975 இல் முன்வைத்தார். அவரும் ஆங்கிலத்தைக் கற்று அதிலே எழுதிப் புகழ்பெற்றவர். அக்குறுநாவலில் ஆபிரிக்கர்கள் மனிதராகவே நடத்தப்படவில்லை என்றும், ஓரிரு இடங்கள் தவிர அவர்களுக்குப் பேச்சே வழங்கப்படவில்லை என்றும், வெறும் ஒலிகளே அவர்களிடமிருந்து எழுவதாகக் காட்டப்பட்டுள்ளது என்றும் அவர் கண்டித்தார். கொங்கோவில் நிகழ்ந்த ஐரோப்பியச் சுரண்டலைக் கொன்ராட் அம்பலப்படுத்தினார் என்பது உண்மை. ஒடுக்கப்பட்ட இனமொன்றின் பிள்ளை தான் அரும்பாடுபட்டு ஈட்டிய சொற்களில் ஒரு பங்கை இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அளிக்கவில்லை என்பதும் உண்மையே. சொல்வளம் ஒருவரின் பார்வையைத் தானாகவே விசாலப்படுத்திவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

கல்லிற் பொறித்த பெயர்

1924 இல் பிரித்தானிய அரசாங்கம் அவருக்குச் சேர் பட்டம் வழங்க முன்வந்தது. அவர் பணிவாக மறுத்துவிட்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 3 ஆம் திகதி கென்ட் மாவட்டத்தின் பிஷப்ஸ்போர்ன் கிராமத்தில் அவர் காலமானார். கன்டர்பரி நகரில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறையில், தமது இறுதிக்கால நாவலொன்றின் முகப்பில் அவர் வைத்திருந்த ஸ்பென்சரின் கவிதை வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அதற்கு மேலே அவரது முழுப்பெயரும் உள்ளது. ஆனால் தியோடொர் என்ற பெயர் எழுத்துப் பிழையுடன் பொறிக்கப்பட்டுள்ளது. தமது பெயர் அந்நியரிடம் சிதையக்கூடாது என்று கருதியவரின் பெயரைக் கல்லே சிதைத்துவிட்டது.

இவ்வாழ்விலிருந்து எமது மாணவர்கள் பெறக்கூடியவை தெளிவானவை. சொல்லைப் பட்டியலிற் சந்திப்பதைவிட வேலையிற் சந்திப்பது மேல். மின்னியலாளர் தமது கருவிகளின் பெயர்களோடும், தாதியர் தமது நோயாளரின் முறைப்பாடுகளோடும், கணக்காளர் தமது பேரேட்டோடும் ஆங்கிலத்தைத் தொடங்கலாம். நாளும் ஒரு பத்திரிகையை வாசிக்கலாம். விருப்பமான ஒரு பெருநூலைப் பல மாதங்கள் எடுத்தேனும் முடிக்கலாம். உச்சரிப்புக்காக வெட்கப்படத் தேவையில்லை. பரீட்சையில் ஒருமுறை தவறுவதால் எதுவும் முடிந்துவிடுவதுமில்லை.

ஆனால் அவரது வாழ்வு பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்வது அதைவிட முக்கியமானது. ஆங்கிலம் வேண்டும் என்பதற்காகத் தாய்மொழியை வீட்டிலிருந்து விரட்டும் பெற்றோர் இன்று பெருகி வருகின்றனர். கொன்ராட்டின் ஆங்கிலம் வெற்று நிலத்தில் முளைக்கவில்லை. சொல்லை மதிக்கக் கற்றுக்கொண்ட ஒரு போலிஷ் வீட்டின் அத்திவாரத்தின் மீதே அது எழுந்தது. தந்தையின் மேசையருகே ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கப் பழகிய பிள்ளைதான் 17 ஆண்டுகள் பொறுத்திருந்து இன்னொரு மொழியில் உலகம் வியக்க எழுதியது. எமது வீடுகளிலும் அந்த மேசையைப் பிள்ளைகளுக்கு வழங்குவோமாயின், ஆங்கிலம் எமக்கு அச்சமூட்டும் வாளாக இராது; கற்றுக்கொள்ளக்கூடிய, கையாளக்கூடிய மற்றொரு கருவியாகிவிடும்.